கக்கூஸ் குழியில் ஒரு சிவகாந்தியோன்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கக்கூஸ். வேறொன்றும் இல்லை. கல்யாணம் முடித்து, மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளைக்குக் குடிவந்த நாளிலிருந்து கணவரிடம் நான் கேட்டது அதை மட்டும்தான். வீடு நல்ல வீடு. விறாந்தை உண்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு, முற்றத்தில் காய்த்துக் கொட்டும் ஜம்பு மரம் உண்டு. பின்பக்கத்துக் கக்கூஸ் மட்டும் கூரை விழுந்து, குழி தூர்ந்து, உள்ளே பாகற்கொடி படர்ந்து கிடந்தது. வீடு பார்க்க வந்தபோது இவர் மரத்தைப் பார்த்திருக்கிறார், ஜன்னலைப் பார்த்திருக்கிறார், அந்தப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், "பாகக்கா நல்லாத்தானே காய்க்குது" என்றார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

அதனால் விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவேன். அந்த வீட்டில் இருந்தது ஒரு சிங்கள அக்கா. தெருமுனையில் முஸ்லிம் நானா ஒருவர் வைத்திருந்த தேத்தண்ணிக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பிழைப்பவர். எங்கள் தெருவில் எல்லாரும் எல்லாப் பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் பேசுவோம். ஆனால் அந்த அக்கா தமிழ் பேச ஆரம்பித்தால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான், அவ்வளவு வேகம். புதுப் பெண் வாளியும் கையுமாக வந்து நிற்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே மாட்டார். கக்கூஸ் பூட்டின் திறப்பை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, நான் திரும்பும்போது சூடாக இரண்டு இடியப்பத்தையும் கையில் வைத்து அனுப்புவார்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. எண்பதுகளின் கடைசியில், பொடியன்மாரைக் கண்ட கண்ட இடத்தில் பிடித்துக்கொண்டு போன அந்தக் கெட்ட காலத்தில், கடைக்கு இடியப்பத் தட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது, ஒன்றும் தெரியாது. நான் குடிவந்தபோது அது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். தொண்ணூறு பிறந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தது. முகாம், பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்று அலைந்து களைத்த அக்கா, பிறகு இன்னொரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கே மண் வெட்டினாலும் போய் நிற்பார். கிணறு வெட்டினால் நிற்பார், அத்திவாரம் வெட்டினால் நிற்பார். யாரும் அவரை ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொல்வார்கள்.

என் கணவர் சுண்ணாம்பு ஏற்றுகிற லொறி ஓடினார். எங்கள் வளவின் பின்பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் சுடுகிற போறணைக்காரர்கள் கழிவு கொட்டிய இடம். அந்தப் போறணை மூடியது எப்போது என்று வீட்டுச் சொந்தக்காரருக்கே சரியாகத் தெரியாது. நான் சண்டை பிடித்துப் பிடித்து, கடைசியில் இவர் தான் லொறி ஓடுகிற போறணையில் வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து குழி வெட்டத் தொடங்கிய அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. அதை அவரிடமே சொன்னேன்.

அலவாங்கு ணங்கு ணங்கென்று விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. இப்போதுதானே தேத்தண்ணி கொடுத்தேன், அதற்குள் என்ன என்று கோபத்தோடு பின்பக்கம் போனால், இரண்டு பேரும் குழிக்கு வெளியே நிற்கிறார்கள். ஒருவர் பீடியை வாயில் வைத்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோயிருந்தார். மற்றவர் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல என் கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, எலும்பு."

இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் நாய் ஞாபகம் வரும், சூப் ஞாபகம் வரும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் எலும்பு என்றால் எல்லார் மனதிலும் ஒரே நினைப்புத்தான். பொலிஸுக்குச் சொன்னாலும் வம்பு, சொல்லாமல் மூடினாலும் பாவம். என் கணவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் இடியப்ப உரல். பிழிந்தது பிழிந்தபடி ஓடி வந்திருக்கிறார். உரலின் அடியில் மாவு நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எலும்பு பார்க்கத் தெரிந்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான். ஆனால் தைரியத்தில் இறங்கினேன் என்று சொன்னால் பொய். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்க முடியவில்லை. ஹவுஸ்கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் குதித்துவிட்டேன்.

வெள்ளை வெளேரென்று பெரிய கல் ஒன்று. அதிலிருந்து அங்கங்கே எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். கல்லின் ஓரத்தில் ஒரு தாடை. தாடையின் முன்னால் நீண்டு வளைந்த பல். பல்லின் நிறம் நல்ல செம்மஞ்சள். எவ்வளவு வெற்றிலை போட்டாலும் மனிதனுக்கு அப்படி ஒரு பல் வராது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தால் நிற்காத சிரிப்பு என்னுடையது. பூசை நடுவில் வந்திருக்கிறது, செத்த வீட்டில் வந்திருக்கிறது. குழிக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேலே நின்றவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்களாம்.

"முள்ளம்பண்டி அக்கா" என்றேன். "இது முள்ளம்பண்டித் தாடை."

அதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். பீடிக்காரர் சிரித்தார், என் கணவர் சிரித்தார், அக்காவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கன்னத்தில் குழி விழும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் சாயங்காலமே குழி முடிந்திருக்கும். ஆனால் பீடிக்காரர் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டார். கல்லுக்குள்ளே முள்ளம்பன்றி எப்படிப் போனது என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போது விலங்கியல் புத்தகம் ஒன்றில் அரைப் பக்கம் படித்திருந்தேன். சிவகாந்தியோன் என்று ஒரு பேரினம். முள்ளம்பன்றிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. அடியோடு அழிந்துபோனது. வடக்கே இமயமலை அடிவாரத்தில் சிவாலிக் என்கிற குன்றுகளில் கல்லாகிப்போன அதன் உயிர்ச்சுவடு கிடைத்ததாம். தாடைத் துண்டும் பல்லும்தான் கிடைத்தன. முள் எவ்வளவு நீளம், முள் இருந்ததா என்றுகூட எவருக்கும் தெரியாது. அது வாழ்ந்து கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அரைப் பக்கம் எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது. வெறும் பல்லை வைத்துக்கொண்டு ஒரு மிருகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று அப்போதே நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

இப்போது என் கக்கூஸ் குழியில் ஒரு கல். கல்லுக்குள் ஒரு தாடை. வேறென்ன வேண்டும்? மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய கல், அதற்குள் எந்த உயிரின் சுவடும் மிஞ்சியிருக்காது என்று நான் படித்த வேறொரு புத்தகத்தில் இருக்கத்தான் செய்தது. அந்தப் புத்தகத்தை நான் அன்றைக்குத் திறக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போடச் சொன்னேன். இது சாதாரண முள்ளம்பன்றி இல்லை, கோடி வருஷத்துக்கு முந்தியது, இனி யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்று குழிக்குள் நின்றபடியே பெரிய பேச்சுப் பேசினேன்.

அக்கா வேலியைத் தாண்டி வந்து குழியின் விளிம்பில் குந்தினார்.

"கோடி வருசம்னா, அப்ப எங்க ஆளுங்க யாரும் பொறக்கவே இல்லையே டீச்சர்?"

"மனுசனே இல்லக்கா அப்போ."

"இந்த எலும்பு எல்லாமே அந்தக் காலத்ததுதானே?"

எல்லாமே என்றேன். யோசிக்கவேயில்லை. அக்கா எழுந்து போய்க் குளித்துவிட்டு, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு விகாரைக்குப் பூக் கொண்டுபோனார். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு, நல்ல காரியத்துக்குப் பொங்குகிற பாற்சோறான கிரிபத் வந்தது, கட்டச் சம்பலோடு.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீடு திருவிழாதான். கடைக்கார நானா வந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் வாடிக்கையாளர்களையெல்லாம் அனுப்பினார். அனுப்பியது போதாதென்று, வருகிறவர்களுக்கு வசதியாக எங்கள் கேற் வாசலிலேயே ஒரு கேத்தலையும் கிளாசுகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஊர் இரண்டு வருஷமாகக் கூட்டம் கூடவே பயந்து கிடந்தது. இப்போது ஒரு முள்ளம்பன்றியைப் பார்க்கத் தைரியமாகக் கூடலாம் என்றதும் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாவுலையில் இருந்து பஸ் ஏறி வந்த ஒரு மாமி, தன் மரவள்ளித் தோட்டத்தை நாசமாக்குகிற முள்ளம்பன்றிகளையும் நான் அழிந்துபோன இனத்தில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். கையில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் குழந்தையைத் தாடைக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, கும்பிடச் சொன்னார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

நானோ, கொழும்பு நூதனசாலைக்குக் கல்லைக் கொண்டுபோகும்போது எந்தச் சேலை உடுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரர் வந்தால் போட்டோ எடுப்பார்கள் அல்லவா? நீலத்தை எடுத்து வைத்துவிட்டு, போட்டோவில் நீலம் கறுப்பாக விழும் என்று மடித்து அலுமாரியில் வைத்தேன். பிறகு மறுபடி எடுத்தேன். கணவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது இனம்னா ஒன் பேரத்தான் வைப்பாங்க" என்றார். "பொருத்தமாத்தான் இருக்கும். கிட்டப் போனா முள்ளு."

தலையணையால் அடித்தேன். ஆனால் என் பெயர் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை சொல்லிப் பார்க்காமலும் இல்லை.

குழி மட்டும் அப்படியே கிடந்தது. ஆராய்ச்சி முடியும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்று நானே உத்தரவு போட்டிருந்தேனே. ஆகவே உயிர்ச்சுவடு கண்டுபிடித்த விஞ்ஞானி தினமும் வாளியோடு பக்கத்து வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கிழமை அவர் எதற்கெடுத்தாலும் சிரித்தார். மேல்தெருவில் யாரோ மலக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் அங்கே போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து இருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு மனுஷி தூங்குகிறாள் என்று பெருமையாக இருந்தது.

கல்லைக் கொழும்புக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் தாடையைக் கொஞ்சம் வெளியே எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று தோன்றியது. சுண்ணாம்பு வினாகிரியில் கரையும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, கணவரைத் தூக்கச் சொல்லிக் கல்லைக் குளிக்கிற பேசினுக்குள் இறக்கினேன். நானாவின் கடையில் இருந்த வினாகிரிப் போத்தல்களையெல்லாம் வாங்கி வந்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது. வீடு முழுக்க அச்சாறு வாடை. நான் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கத் தேய்க்க, கல் கல்லாக இல்லாமல் சாந்து சாந்தாகக் கழன்று வந்தது. எனக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் தேய்த்தேன்.

தாடைக்குக் கீழே ஏதோ வட்டமாகத் தட்டுப்பட்டது. விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக இருந்தது. கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

அது ஒரு சோடா மூடி.

என் கணவர் அதை என் கையிலிருந்து வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மிகவும் மரியாதையாக, "கோடி வருசத்துக்கு முந்தியே சோடா குடிச்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். போறணைக்காரர்கள் கொட்டிய சுண்ணாம்புக் குழம்பு, கழிவு மேட்டில் வளை தோண்டி இருந்த ஒரு முள்ளம்பன்றியின் தலையில் வழிந்து, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து கல்லாகியிருக்கிறது. போறணை ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு சிவாலிக் மலைவரை போன ஆள் நான். நீலச் சேலையை நினைத்தேன், குழந்தையைக் கும்பிடச் சொன்னவரை நினைத்தேன், சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டார். என்ன, என்ன என்று அவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். கணவர் மூடியை நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்தார். முதலில் அவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கன்னத்துக் குழி மறைந்தது.

"அப்ப இது இப்பத்த எலும்பா டீச்சர்?"

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என் சிரிப்பு சொன்னவுடன் நின்றது. முள்ளம்பன்றி எலும்பு கடிக்கிற மிருகம். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால், தேய்ப்பதற்காக எங்கே கிடக்கும் எலும்பையும் பொறுக்கி வந்து வளைக்குள் சேர்த்து வைக்கும். அந்தக் கல்லில் தாடையோடு துருத்திக்கொண்டிருந்த மற்ற எலும்புகள் அப்படி வந்தவை. எங்கெங்கோ காட்டில், ஓடையில், மேட்டில் கிடந்து வந்தவை. கோடி வருஷம் என்று சொன்ன வாயால் எல்லாமே என்றும் சொல்லிவிட்டேன். இப்போது கோடி வருஷமும் இல்லை.

அவற்றில் மனித எலும்பு ஒன்றும் இல்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது.

"பாப்போம் அக்கா" என்றேன். "ஒண்ணொண்ணா எடுத்துப் பாப்போம். ஒண்ணையும் விடமாட்டேன்."

பேசினை இழுத்துக்கொண்டு போய் ஜம்பு மரத்தடியில் படங்கு விரித்தோம். நான் வினாகிரியில் தேய்த்துத் தேய்த்து எடுக்க, என் கணவர் தண்ணீர் ஊற்ற, அக்கா ஒவ்வொன்றாக வாங்கிப் படங்கில் வைத்தார். வாசலில் கேத்தலோடு நின்ற நானாவும் வந்து ஓரமாகக் குந்திக்கொண்டார். நான் மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன். இது ஆட்டுத் தாடை, பல்லைப் பாருங்கள். இது மாட்டு விலா, இந்த அகலம் வேறெதற்கும் வராது. இது மரைமான், குளம்போடு சேர்கிற இடம் இது. இது முள்ளம்பன்றியின் சொந்தக் கால்தான். ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையாட்டுவார், ஆனால் கையை எடுக்கமாட்டார், அடுத்ததுக்கு நீட்டியபடியே இருக்கும். ஆடும் மாடும் ஒவ்வொன்றாக ஏற ஏற எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நானா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒவ்வொரு எலும்புக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. நீளமான எலும்பு. இரண்டு முனையையும் முள்ளம்பன்றி கடித்துத் தின்றுவிட்டிருந்தது. நடுத்தண்டு மட்டும்தான் இருந்தது. எலும்பை எது என்று சொல்வதே முனைகளை வைத்துத்தான். நான் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்காவின் கை என் முன்னால் நீட்டியபடியே இருந்தது. கடவுளே, ஒரு மாடாக இருக்கட்டும் என்று வேண்டினேன். மாட்டுக்காக நான் ஜெபம் செய்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஞாபகம் வந்தது. மாடு, ஆடு, மரை போல குளம்பு பிளந்த மிருகங்களுக்குக் காலின் கீழ்ப்பாதியில் இரண்டு எலும்பு ஒன்றாக ஒட்டி வளரும். ஒட்டிய இடத்தில், எலும்பின் முன்பக்கம் நீளத்துக்கு ஒரு பள்ளக் கோடு இருக்கும். மனிதனுக்கு அப்படி ஒரு எலும்பே கிடையாது. தண்டில் இன்னும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. வினாகிரி முடிந்துவிட்டது. ஹவுஸ்கோட் நுனியால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன். பெருவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன்.

விரல் ஒரு பள்ளத்துக்குள் இறங்கி ஓடியது.

"மாடு" என்றேன். அக்காவின் கையைப் பிடித்து, அவர் பெருவிரலை அந்தக் கோட்டில் வைத்து இழுத்தேன். "கோடு இருக்கா? இருக்குத்தானே? மாடுக்கா. இது மாடு. மனுசனுக்கு இந்தக் கோடு இல்ல."

அக்கா விரலை எடுக்கவில்லை. மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் ஆட, நான் கால் வழுக்கிப் பேசினில் விழ, அச்சாறு வாடையோடு நாங்கள் இரண்டு பேரும் மண்ணில் உருண்டோம். நானா எழுந்து நின்று, எல்லாருக்கும் தேத்தண்ணி தன் கணக்கில் என்றார். கேட்பதற்கு அங்கே வேறு ஆளே இல்லை. என் கணவர் சோடா மூடியைத் தன் சட்டையில் மெடல்போலக் குத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள்கள் குறைவு. ஒரு மாட்டெலும்பைச் சுற்றி நாலு பேர் அப்படி ஆடியதை அந்தத் தெரு பிறகும் பார்த்திருக்காது.

சிரித்து ஓய்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு அக்கா படங்கில் உட்கார்ந்தார். அந்த எலும்பு அவர் மடியில் இருந்தது.

"டீச்சர், அந்தக் கோட்ட இன்னொரு தரம் காட்டுங்க" என்றார். "எந்தப் பக்கம்னு நல்லாச் சொல்லித் தாங்க. வேற எடத்தில தோண்டுனா நீங்க இருக்க மாட்டீங்களே."

காட்டினேன். முன்பக்கம் எது, எங்கிருந்து எதுவரை ஓடும் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா, வேறு எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று கேட்டார். தாடை எனக்கு, அது அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். இடியப்பத் தட்டு மூடுகிற வெள்ளைத் துணியில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வேலியைத் தாண்டிப் போனார். மறுநாள் காலை மேல்தெருவில் மலக்குழி வெட்டுகிற இடத்தில், அந்தத் துணிப் பொட்டலத்தோடு பலகையில் உட்கார்ந்திருந்தார்.